குப்பை வண்டிப் பாட்டை முடித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
தையல் கடைக்காரி,
முடிதிருத்தும் கடைக்கு எதிர்க்கடை,
மாடியில் இசைக்கூடம் உள்ள வீடு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தங்கள் குப்பை வண்டி காலைதோறும் பாடும் பாட்டு முடியாமல் பாதியில் நிற்பது – அதனால் ஒரு பெண்ணின் சினிமா வாய்ப்பு கைநழுவ இருப்பது – வெள்ளிக்கிழமைக்குள் பாட்டை முடித்துத் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்புக்கும் பொறுமைக்கும் உரிய ஐயா,

1. முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரவு உடையில் இரண்டு பெண்கள் குப்பை வண்டியைத் துரத்திக்கொண்டு, வாயைப் பிளந்து ஒரே குரலில் கத்தியபடி ஓடுகிறார்கள், தெருவின் மானம் போகிறது என்று தங்கள் அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் ஒல்லியாக முன்னால் ஓடுவது என் நாத்தனார். ஒற்றைச் செருப்போடு, மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும் பருமனான பெண் நான்தான். கத்தவில்லை ஐயா, பாடினோம். என் பங்கு கத்தல் மாதிரி இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் ஓடினோம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. தாங்கள் கேட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காதவள். பிழை இருந்தால் அந்த இடத்தில் தாங்களே ஒரு தையல் போட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

2. என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, டிவி தொடர்களுக்குப் பின்னணி இசை போடுபவள். என் கடைக்கு மேலே உள்ள அறைதான் அவளுடைய இசைக்கூடம். சுவரெல்லாம் பழைய மெத்தை, ஜன்னலுக்கு என் கடையில் மிஞ்சிய கோட்டுத் துணி, நடுவில் கீபோர்டு, கணினி, ஆறிப்போன பிளாஸ்க். மாமியார் கதவைத் திறந்தால் ஒரு இடி. மருமகள் மயங்கி விழுந்தால் வயலின். இரண்டு பேரும் ஒரே சோபாவில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் புல்லாங்குழல். அது தூசி படிந்து கிடக்கிறது. வில்லி வரும்போதெல்லாம் கடக் கடக் என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். அது என் தையல் இயந்திரம். பெயர்கள் ஓடும்போது என் பெயரும் ஓடும் என்று கண்கொட்டாமல் பார்த்தேன், ஓடவில்லை. அது வேறு புகார், வேறு அலுவலகம்.

3. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாள் கதையும், யாராவது அதிர்ந்து திரும்பிப் பார்க்கும் முகத்தில் நிற்கும். இசையும் அங்கேயே நின்றுவிட வேண்டும். மாடிப்படி ஏறியவர் கடைசிப் படிக்கு ஒற்றைக் காலைத் தூக்கி, வைக்காமல் அப்படியே நிற்பது போல. அவர்களுடைய ஸ-ரி-க-ம கணக்கில் 'நி' வரைக்கும் வரலாம், 'ஸ'வில் கால் வைக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தயாரிப்பு நிர்வாகி போனில் கெஞ்சுவார்: "முடிச்சுடாதீங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். முடிச்சீங்கன்னா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க." அவளும் முடிக்கவில்லை. வருஷக்கணக்காக எதையுமே முடிக்கவில்லை. இப்போதெல்லாம் சாப்பாட்டில்கூட ஒரு வாய் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். "என்னடீ, மீதி நாளைக்குத் தொடருமா?" என்று கேட்டால் முறைக்கிறாள், அந்த முறைப்புக்கும் அவளே இசை போட்டால் நன்றாக இருக்கும்.

4. தங்கள் குப்பை வண்டிக்குப் பாட்டு போட்டுக் கொடுத்ததும் இவள்தான். சுகாதாரப் பிரிவிலிருந்து வந்து கேட்டார்கள், மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அவள் சொன்னாள்: "டிவியில என் மியூசிக் மேல எப்பவும் யாராவது அழுதுட்டே இருப்பாங்க அண்ணி. இது மட்டும்தான் யாரும் குறுக்கே பேசாம தனியா கேக்கப்போகுது." எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டு முதல் முதலாகத் தெருவுக்கு வந்த காலையில் அவள் புது உடை உடுத்தி, தலை வாரி, கையில் குப்பை வாளியோடு வாசலில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டாரைக்கூட அவள் அப்படி எதிர்பார்த்து நின்றதில்லை. வண்டி வந்தது. பாட்டு குதித்தது, சுழன்றது, படிப்படியாக ஏறியது, உச்சிக்குப் போகும்போது நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி அதே இடத்தில் நின்றது. நாத்தனார் வாளியை என் காலில் போட்டுவிட்டாள்.

5. அன்று முதல் எங்கள் தெரு அந்தரத்தில்தான் இருக்கிறது. எதிர்க்கடை முடிதிருத்துபவர் பாட்டு நிற்கும்போது கத்தியையும் காற்றில் நிறுத்திவிடுகிறார். பாதி மீசையோடு உட்கார்ந்திருப்பவர்களின் கதியை நினைத்துப் பாருங்கள். பொறுக்க முடியாமல் ஆளுக்கொரு முடிவு பாடத் தொடங்கினார்கள். முடிதிருத்துபவரின் முடிவில் ஆட்டம் போடலாம். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரின் முடிவு இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கும். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "பாட்டை அறுக்கறதுக்கா கத்தி வச்சிருக்கார்?" என்று ஆசிரியர் ஒருநாள் என் கடையில் நின்று கேட்டார். "அவர் எதைப் பாடினாலும் வீட்டுப்பாடம் குடுத்த மாதிரிதான்" என்று முடிதிருத்துபவர் எதிர்க்கடையிலிருந்து பதில் சொன்னார். நான் இருவரிடமும் அவரவர் முடிவுதான் இனிமை என்று சொல்லி, இரண்டு பக்கத்திலும் சிரித்துவிட்டு வருகிறேன். அந்தப் பாவம் எனக்கு உண்டு.

6. இதுவரை எழுதியது விளையாட்டு என்று தாங்கள் நினைக்கலாம். இனிதான் விஷயம். நாத்தனாருக்கு முதல் முதலாக ஒரு சினிமா வந்திருக்கிறது. டிவியில் இசை போட்டவளுக்குச் சினிமாவில் நாற்காலி போடுவது எளிதில் நடக்கிற காரியம் இல்லை. படம் முழுக்க நன்றாகவே போட்டுவிட்டாள். மிச்சம் கடைசிக் காட்சி ஒன்றுதான். ஒரு கடைக்காரர் தன் கடையைக் கடைசியாகப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். பேச்சே கிடையாது, இசை மட்டும். இயக்குநர் மாடிக்கு வந்து கேட்டார். நல்ல மனிதர், செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வந்தார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: "அம்மா, அந்த ஆளு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டார். நீங்க இன்னும் அவரைத் தெருவுலயே நிக்க வச்சிருக்கீங்க." அவள் மாற்றினாள், மறுபடி மாற்றினாள். எதை மாற்றினாலும் கடைசியில் அந்த மனிதர் வாசலில் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியாக, வரும் வெள்ளிக்கிழமை வருவதாகவும், அன்றைக்கும் முடியாவிட்டால் விளம்பரங்களுக்கு இசை போடுகிற ஒருவரிடம் கொடுத்துவிடுவதாகவும், "அவர் எதையும் அரை நிமிஷத்துல முடிச்சுடுவாரும்மா" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும்வரை நாத்தனார் சிரித்த முகமாக நின்றாள். பிறகு மெத்தைச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்தச் சுவரில் சத்தம் வெளியே வராது என்பது எங்களுக்குத் தெரியும்.

7. கோபம் முழுக்கத் தங்கள் அலுவலகத்தின் மேல் திரும்பியது. பாட்டின் வாலைத் தாங்கள்தான் வெட்டினீர்கள் என்று நம்பினோம். வெட்டின வாலைக் கேட்டு வாங்கத்தான், முதல் பத்தியில் சொன்னபடி, பாடிக்கொண்டே ஓடினோம். ஓட்டுநர் தம்பி வண்டியை நிறுத்தி, "அக்கா, நான் குப்பை எடுக்கறதா, உங்களுக்குக் கச்சேரி நடத்தறதா?" என்று கேட்டார். ஆனாலும் இருக்கைக்கு அடியிலிருந்த பாட்டுப் பெட்டியின் கார்டைக் கழற்றிக் கொடுத்தார். நாத்தனார் அதைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தாள். தான் அனுப்பியதையும் எடுத்துப் பார்த்தாள். ஐயா, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான். தாங்கள் ஒரு நூல்கூட வெட்டவில்லை. தொடருக்கு இசை போட்ட கையோடு, வழக்கம் மாறாமல், குப்பை வண்டிப் பாட்டையும் அவளே 'தொடரும்' போட்டு அனுப்பியிருக்கிறாள். நாளைக்கு என்ன ஆகும் என்று தவிக்க வைக்கக் குப்பையில் என்னடீ இருக்கிறது என்று கேட்டேன். நீண்ட நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். எனவே தங்கள் மேல் சொன்ன, தங்கள் காதுக்கு எட்டாத எல்லா வசவுகளையும் இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

8. அன்று சாயங்காலமே அவள் குப்பை வண்டிப் பாட்டை முடித்தாள். 'ஸ'வில் வந்து அழகாக உட்கார்ந்தது, உழைத்துவிட்டு வந்தவர் நாற்காலியில் உட்கார்வது போல. அதே சூட்டில் படத்தின் கடைசிக் காட்சியையும் முடித்தாள். எனக்கு இசை தெரியாது. ஆனால் கேட்டதும் என் தோள் இரண்டும் தானாக இறங்கின. அலுவலக உத்தரவில்லாமல் புதுப் பாட்டை ஏற்ற முடியாது என்று ஓட்டுநர் தம்பி சொல்லிவிட்டதால், மறுநாள் காலையில் தங்கள் வண்டி பழைய பாட்டோடுதான் வந்தது. அதைக் கேட்டுவிட்டுப் போய்த் தான் படத்துக்குப் போட்டதைக் கேட்டவள், "இது முடியலை அண்ணி, சும்மா உக்காந்திருக்கு" என்று அழித்துவிட்டாள். சாயங்காலம் மறுபடி முடிப்பாள். காலையில் வண்டி வரும், மறுபடி அழிப்பாள். நான் பிரித்துத் தைப்பதையே தொழிலாக வைத்திருப்பவள். நானே சொல்கிறேன், இப்படிப் பிரித்தால் துணி தாங்காது.

9. நேற்று இது விஷயமாகத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முன்மேசையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குப்பை எடுக்கலைன்னா புகார் வாங்கலாம்மா. பாட்டு முடியலைன்னா எந்தப் பிரிவுல வாங்கறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் எழுந்து வரும்போது அவரே அந்தப் பாட்டை முணுமுணுத்தார், அதே இடத்தில் நின்றார், திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். வியாதி தங்கள் அலுவலகத்துக்குள்ளும் வந்துவிட்டது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

(அ) இத்துடன் இணைத்துள்ள பென் டிரைவில் இருக்கும் முடிந்த பாட்டை வண்டியில் ஏற்ற உத்தரவிட வேண்டுகிறேன்;

(ஆ) அதற்கு நாள் ஆகுமென்றால், வெள்ளிக்கிழமை வரை எங்கள் தெருவுக்கு மட்டும் வண்டி பாடாமல் வர வேண்டுகிறேன். தெரு முழுக்கக் குப்பையை நானே கூப்பிட்டு வாங்கி வைக்கிறேன், என் தொண்டை பற்றி ஏற்கெனவே தங்களிடம் புகார் உள்ளது;

(இ) அதற்கும் விதியில் இடமில்லை என்றால் இன்னொரு வழி. தெருமுனையில் திரும்பும்போது வண்டி பின்னால் வந்தால் 'பீப்' என்று ஒரு சத்தம் வருகிறது. அதைக் கேட்டு நாத்தனார் நடுத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அண்ணி, அதுதான் 'ஸ'! அச்சு அசல்!" என்று குதித்தாள். எனவே எங்கள் வாசலில் பாட்டு நிற்கும் அந்தக் கணத்தில், ஓட்டுநர் வண்டியைக் கொஞ்சம், ஒரு முழம் மட்டும், பின்னால் எடுத்தால் பாட்டு தானாக முடிந்துவிடும். அரசாங்கத்துக்கு எந்தச் செலவும் இல்லை.

இந்த மூன்றில் தங்களுக்கு எது சௌகரியமோ அதைச் செய்து, அந்தப் படத்து மனிதரை வீட்டுக்குள் போகவிடும்படி இரு கையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தையல் கடை
நாள்: புதன்கிழமை, காலை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கும்,
தையல் கடைக்காரி
(ஒப்பம்)

இணைப்பு: பென் டிரைவ் ஒன்று.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு முடித்தபோது வண்டி வந்துவிட்டது. வாசலுக்குப் போய் ஓட்டுநர் தம்பியிடம் கோரிக்கை (இ) பற்றிச் சொன்னேன். "ஒரு தடவைதானேக்கா, பண்ணிப் பார்த்துடலாம்" என்றார். பாட்டு ஏறி நின்றது. வண்டி பின்னால் வந்தது. 'பீப்' சரியான இடத்தில் விழுந்தது. முடிதிருத்துபவரும் ஆசிரியரும் சேர்ந்து கை தட்டினார்கள். நாத்தனார் மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். படத்தின் கடைசிக் காட்சியை முடித்துவிட்டாள், இந்தமுறை அழிக்கவில்லை. வண்டி ஒரு முழத்தில் நிற்கவில்லை. அதன் பின்பாதி தற்போது என் கடைக்குள் இருக்கிறது. இடித்தபோது கடைக்குள் ஆள் யாரும் இல்லை. நாளைக் காலை வண்டி எங்கள் தெருவில் பாடிக்கொண்டு வர வாய்ப்பில்லாததால், கோரிக்கை (ஆ)வை அடித்துவிடலாம். இணைப்பில் கண்ட பென் டிரைவ் வண்டிக்கு அடியில் உள்ள மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. வண்டியை எடுத்ததும் சமர்ப்பிக்கிறேன்.