சுவிட்சில் மாட்டிய சட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு நலமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருப்பேன், அம்மா நடுவில் பிடுங்கி அழ ஆரம்பித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

படகு விடுகிற ஆற்றில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் ரப்பர் அணை நினைவிருக்கிறதா, ஆத்துக்குள்ள பெரிய தலகாணி என்பாயே, அதற்கு வயதாகி அங்கங்கே கிழிந்து காற்று இறங்கிவிட்டது. தண்ணீரை வடித்துவிட்டு, ஓரத்து போல்ட்டுகளைக் கழற்றி, ரப்பருக்கு முட்டுக் கொடுத்து, உள்ளே தவழ்ந்து போய் ஒட்டுப் போடுகிறோம். உள்ளே போகிறவன் தன் சட்டையை, ரப்பருக்குள் காற்றடிக்கும் மிஷினின் சுவிட்சில் மாட்டிவிட்டுப் போவான், அவனே வந்து எடுக்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது, இது எங்கள் வழக்கம். போன செவ்வாய்க்கிழமை நானும் மாட்டினேன். பசை நெடிக்கு முகமூடி போட்டால் பல்செட் உறுத்துகிறது என்று அதையும் சட்டைப் பையில் போட்டேன். சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மாவுக்கு இந்த வழக்கம் எங்கே தெரியும், சட்டையில் பசையும் நாற்றமும்தான் தெரிந்தது. மனுஷன் இதைப் போட்டுக்கிட்டா ஊரெல்லாம் சுத்துறாருன்னு துவைக்க எடுத்துப்போய்விட்டாள். மிஷின்காரர் வந்தார், சட்டை இல்லை, தட்டிவிட்டார்.

அம்மாடி, அந்தச் சத்தம்! இருட்டில் காற்று சீறிக்கொண்டு வந்தது, ரப்பர் எழும்பி அடித்து, முட்டெல்லாம் சரிந்து, ஓரம் வழியே காற்று போனதும் மறுபடி என் முதுகிலேயே விழுந்தது. கத்தினேன், பல்லில்லாத வாய்க் கத்தல் யாருக்குக் கேட்கும். உன் முகம்தான் வந்தது கண்ணு. அதற்குள் குழாயடியில் சட்டையை நனைக்கப் போனவள் பைக்குள் கை விட்டிருக்கிறாள். பல்லைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடிவந்து, பல்லு இங்க இருக்கு, மனுஷன் எங்கேன்னு கேட்டாளாம். மிஷின்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. நிறுத்திவிட்டு ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதே.

உன்னைப் பயப்படாதே என்கிற எனக்குத்தான் பயம். குளியலறைக் கதவைக்கூடச் சாத்த முடியவில்லை, போர்வை முகத்தில் பட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நாளைக்குக் கடைசி ஒட்டு, நான்தான் போக வேண்டும், பசை வேலை தெரிந்த இன்னொருவர் முதுகுவலியில் படுத்திருக்கிறார். முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று இத்தனை நாளும் என் முகத்தையே பார்க்காமல் இருந்த உன் அம்மா இன்றைக்குத்தான் அதைப் பற்றி வாய் திறந்தாள். நாளைக்குச் சட்டையை மாட்ட வேணாம், நானே போட்டுக்கிட்டு சுவிட்ச் முன்னால உட்கார்ந்துக்கறேன், நீங்க வந்து கேட்டாத்தான் கழட்டுவேன், எவன் வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

நீயும் எங்கே போனாலும் வீட்டில் சொல்லிவிட்டுப் போ. குட்டியைத் தனியாக அறையில் விட்டுக் கதவைச் சாத்தாதே. மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் போன் செய், கட்டாயம் நான்தான் எடுப்பேன்.

இதை எழுதும்போதே அம்மா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் துவைக்கவில்லை.

உன் அப்பா