சடையன் கூப்பிடுகிறான்

வெள்ளாழித் தீவு உறைவிந்து நிலையம். பணியில் இருப்பவர்: கால்நடை மருத்துவர் எஸ்தர் பொன்மணி. இதை எடுத்து வாசிப்பவர் யாரானாலும், முதலில் கொட்டிலில் மயிலிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

2068 செப்டம்பர் 4, காலை 6.30

திரவ நைட்ரஜன் கலனில் அளவுகோலை விட்டுப் பார்த்தேன். பனிக்கோடு நான்கு விரல் உயரம்தான் ஏறியது. எங்கோ கசிகிறது. உள்ளே மிஞ்சியிருப்பவை இரண்டே உறைவிந்துக் குச்சிகள், இரண்டும் சடையனுடையவை. எங்கள் ஆண் கழுதை சடையன் கரையில் கொள்ளைநோயில் செத்து ஏழு வருடம் ஆகிறது. கரையில் அதற்குப் பிறகு கழுதையே இல்லை. நோய் தீவுக்கு எட்டாததால் மயிலி பிழைத்தாள். நாங்கள் அறிந்தவரை கடைசிப் பெட்டை. கலன் வற்றுவதற்குள் அவளுக்குச் சினை பிடிக்க வேண்டும். ஒரு குட்டியால் இனம் பிழைத்துவிடுமா என்று கேட்காதீர்கள். என்னை நானே கேட்டு அலுத்துவிட்டது.

வழக்கம்போல ஒலிபெருக்கியில் சடையனின் பதிவைப் போட்டேன். பருவத்துக்கு வந்த பெட்டை, ஆணின் குரல் கேட்டால் வாயை மூடி மூடித் திறக்கும். இன்று மயிலி அப்படிச் செய்யவில்லை. குரல் நின்ற பிறகும் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செப்டம்பர் 11, காலை 9.15

வாயை மூடித் திறந்தாள். ஒரு குச்சியை எடுத்து வெந்நீரில் உருக்கினேன். ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தேன். நீந்துகின்றன. சடையனை நான்தான் மண்ணில் தள்ளி மூடினேன். அவன் குரல் வெளியே கேட்கிறது, அவன் உயிர் கண்ணாடியில் ஓடுகிறது. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

சினை ஊசி போட்டாயிற்று. பிடிக்கும் என்று நம்பிக்கை இல்லை. உறைய வைக்கும்போது சேர்க்கும் கிளிசரால் பெட்டைக் கழுதையின் கருப்பைக்கு ஆகாது. குதிரைக்கு ஒன்றும் செய்யாது. சடையனின் உறைவிந்தில் கோவேறு கழுதைகள் எத்தனையோ பிறந்தன. கழுதை ஒன்றுகூடப் பிறக்கவில்லை.

கரையிலிருந்து வயர்லெஸ் கபிரியேல்:

"ஏன் டாக்டரம்மா, பின்னாடி கத்துறது அந்தச் சடையனா? செத்தவன் சத்தத்த இப்பிடிப் போட்டுக் கேக்கீங்களே, எனக்கு மேலெல்லாம் சிலுக்குது."

அக்டோபர் 5, காலை 8.40

முதல் ஊசி பிடிக்கவில்லை. மயிலி மறுபடி பருவத்துக்கு வந்தாள். இந்த முறை கிளிசராலைக் கழுவி நீக்கிவிட்டுச் செலுத்தினேன். கழுவும்போது பாதி உயிரணுக்கள் செத்துவிடும் என்று தெரியும். தெரிந்தே செய்தேன். கலனில் இனி எதுவும் இல்லை. வற்றினால் வற்றட்டும்.

அக்டோபர் 22, காலை 10.05

ஸ்கேன் திரையில் ஒரு கறுப்பு வட்டம். நெல்லிக்காய் அளவு. சினைதான். தரையில் உட்கார்ந்து அழுதேன். மயிலி வந்து என் தலைமுடியைக் கடித்தாள்.

நவம்பர் 9, காலை

புயல். கடல் நீர் ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிட்டது. கணினி, ஒலிபெருக்கி, பதிவு எல்லாம் போயிற்று. மேல் அலமாரியில் இருந்ததால் வயர்லெஸும் கை ஸ்கேனும் மட்டும் தப்பின. கொட்டில் நிற்கிறது. மயிலி நலம்.

நவம்பர் 11, மாலை 5.00

மயிலி தின்னவில்லை. ஒலிபெருக்கி தொங்கிய கம்பத்தின் அடியில் நிற்கிறாள். கொள்ளு, வெல்லம், எதையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. பதிவின் நகல் கிடைக்குமா என்று கபிரியேலிடம் கேட்டேன்.

"ஆபீஸே முங்கிப் போச்சும்மா. படக எறக்கவும் ஏலாது, கடலு ஒரே கொந்தளிப்பு. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க."

நவம்பர் 13, காலை 7.00

ரத்தம் எடுத்துக் குழாயில் நிற்க வைத்தேன். மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டிய இடத்தில் பால்போல் வெள்ளை. பட்டினி கிடந்தால் கழுதையின் உடம்பு கொழுப்பை எல்லாம் ரத்தத்தில் இறக்கிவிடும். சினையாக இருந்தால் இன்னும் வேகமாக. குட்டியும் போகும், தாயும் போவாள். மருந்து இருக்கிறது. ஆனால் அவள் தின்றால்தான் பிழைப்பாள்.

அவளுக்குத் துணை வேண்டும். இத்தனை நாள் அந்தக் குரல்தான் துணை. செத்தவன் என்று அவளிடம் யார் சொன்னார்கள்?

நவம்பர் 13, பிற்பகல் 3.20

கம்பத்தின் பின்னால் ஒளிந்து நின்று நானே கத்தினேன். சிரிப்பதாக இருந்தால் சிரியுங்கள். பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவில் என்னைப் பார்த்து, "கழுதை மாதிரி கத்தாதே" என்று டீச்சர் வெளியே அனுப்பினார். இன்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

மயிலி காதைத் திருப்பவில்லை. சரியாக இல்லை போலும். சடையன் முதலில் மூச்சை உள்ளே இழுத்துக் கீச்சிடுவான், பிறகுதான் வெளியே விடுவான். பதிவை ஏழு வருடம் கேட்டவள் நான். மறுபடி கத்தினேன். மறுபடியும்.

காது திரும்பியது. ஒரு வாய் வைக்கோல்.

நவம்பர் 20

கத்தினால் தின்கிறாள், நிறுத்தினால் நிறுத்துகிறாள். தொண்டையில் ரத்தம். அவள் ரத்தத்தில் பால் நிறம் குறைந்திருக்கிறது. ஸ்கேனில் குட்டியின் இதயம் மினுக்குகிறது.

கபிரியேல் கூப்பிட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. பொத்தானைத் தட்டித் தட்டி இருக்கிறேன் என்று காட்டினேன்.

டிசம்பர்

தேதி தவறிவிட்டது. மயிலியின் ரத்தம் தெளிந்துவிட்டது. இப்போது எனக்குத் தொண்டை வலிக்கவில்லை, கத்தல் தானாகவே வருகிறது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே வருகிறது. யார் கத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கொட்டிலில் நாங்கள் இருவர்தான்.

மயிலி கம்பத்தைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கிறாள். என்னைப் பார்த்து வாயை மூடித் திறந்தாள். சினைப் பெட்டை அப்படிச் செய்யாது.

காலை

கடல் அடங்கியது. தொண்டை ஆறிவிட்டது. வயர்லெஸை எடுத்துத் தெளிவாக, நிதானமாகச் சொன்னேன்: மயிலி நலம், குட்டி நலம், படகை அனுப்புங்கள், தீவனம் முடிந்தது, நான் எஸ்தர் பேசுகிறேன். இரண்டு முறை சொன்னேன்.

கபிரியேல் சொன்னது:

"சடையன் சத்தம் கேக்குது டாக்டரம்மா. ஸ்பீக்கர் பெட்டி சரியாயிட்டா? சரி, அத நிப்பாட்டுங்க. நீங்க பேசுங்கம்மா. டாக்டரம்மா? நீங்க பேசுங்க."

மறுபடி சொன்னேன். நான் எஸ்தர்

மயிலி காதைத் திருப்பினாள். தின்கிறாள்