அழித்த பென்சில் வரிகள்

வாத்தியாரே,

இன்று கடை ஆள் வரவில்லை. பழைய புத்தகக் கட்டைப் பிரித்து நானே ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். ரப்பர் வாடை எழும்பியதும் கை நின்றுவிட்டது.

எங்கள் வியாபாரத்தில் முதல் வேலை அதுதான், உமக்குத் தெரியாததா? பென்சில் கிறுக்கலை அழித்து, மடங்கின முனையை நிமிர்த்தினால்தான் புத்தகம் கைமாறும். கல்கத்தா ஜாதவ்பூர் நடைபாதையில் சாக்கு விரித்த நாளிலிருந்து இந்தக் கை தேய்த்த பக்கங்களுக்குக் கணக்கில்லை.

கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தி முடித்து, லேக் கார்டன்ஸ் வீட்டுக்குப் போகிற வழியில் என் கடை ஸ்டூலில் உட்காருவீர். கல்கத்தாவில் என்னை நம்மூர்ப் பேச்சில் 'வே' என்று கூப்பிட நீர் ஒருவர்தான் இருந்தீர். நான் விபூதிக்காரன், நீர் பைபிள் படிக்கிற பாளையங்கோட்டை வேதக்காரர். பேச்செல்லாம் உம்முடைய அமெரிக்கக் கதைப்பாட்டுகள்தான். கடலும் பனியும் ஜெபவீடுமாக நீளும் அந்தப் பழைய பாட்டுகளில் எவனாவது பாவம் செய்வான். ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லும்.

"தீர்ப்பைக் கவிஞன் கொட்டை எழுத்துல போட்டிருக்கான் வே. கிருபையைத்தான் ஒளிச்சு வச்சிருக்கான். தேடணும்" என்றீர் ஒரு நாள்.

"கிருபைன்னா?"

"தகுதி பாக்காம, கேக்கிறதுக்கு முந்தியே கிடைக்கிற மன்னிப்பு."

"சும்மாவா? அப்போ சரக்குல ஏதோ கோளாறு இருக்கு."

நீர் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது.

அப்படித் தேடினதையெல்லாம் பன்னிரண்டு வருஷமாக ஒரே பாட்டுத் தொகுப்பின் ஓரங்களில் பென்சிலால் குறித்திருந்தீர். அதை வைத்துப் புத்தகம் எழுதுவதுதான் உம் ஆசை. அதற்குத் தனியாக நோட்டு வைத்திருப்பீர் என்று நான் நினைத்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தத் தொகுப்பின் முதுகு விட்டுப்போய், பைண்டு பண்ணித் தரச் சொன்னீர். சிநேகிதனுக்குப் புதுசு போல ஆக்கிக் கொடுப்போமே என்று, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அழித்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அதற்கப்புறம்தான் அடுத்த சந்து பைண்டர் நிதாய்தாவிடம் கொடுத்தேன்.

புத்தகம் திரும்பி வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டினீர். "எழுதினதெல்லாம் எங்கவே?"

"நிதாய்தா அழிச்சிருப்பாரு." என்னைக் கேட்காமலே என் வாய் சொன்னது.

மறுநாள் வந்தீர். "நிதாய்தாவுக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு குடுத்துட்டுத்தான் வாரேன். பாவம், அவரைத் திட்டிராதேயும்" என்றீர். இன்னொரு பெட்டியை என் மேசையில் வைத்தீர். எதற்கென்று கேட்காமல் தின்றேன்.

அந்தப் புத்தகத்தை நீர் எழுதவே இல்லை.

உம்மை அடக்கம் பண்ணின வாரம், மனசு தாங்காமல் நிதாய்தாவிடம் போனேன். "உங்க மேல பழி போட்டுட்டேன், நிதாய்தா" என்றேன். அவர் பசைக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புத்தகம் அழிச்சுத்தான் என்கிட்ட வந்துச்சுன்னு, சந்தேஷ் குடுத்தப்பவே உங்க சிநேகிதர்கிட்ட சொல்லிட்டேனே!"

அப்படியென்றால், தெரிந்துதான் அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்திருக்கிறீர். தெரிந்துதான் இரண்டாவது பெட்டியை என் முன்னால் வைத்தீர். அப்புறமும் ஏழு வருஷம் அதே ஸ்டூல், அதே பேச்சு. ஒரு நாளாவது என் வாயைக் கிளறினீரா? நானாகச் சொல்வேன் என்று இருந்திருப்பீர். நான் விலைவாசி பேசினேன்.

சரக்கில் கோளாறே இல்லை, வாத்தியாரே. வாங்கினவனுக்குத்தான் அது என்னவென்று தெரியவில்லை.

இன்றைய புத்தகத்தின் ஓரத்திலும் யாரோ எதையோ எழுதியிருக்கிறார். பாதி அழிந்துபோயிற்று. மீதியை விட்டுவைத்தேன். அந்த ஸ்டூல் இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. அதைப் பார்த்து இப்போதுதான் சொல்கிறேன்:

நான்தான் அழிச்சேன் வே.