சாமியோடு சண்டை பிடிக்காத பெண்

1962, வைகாசி, திங்கட்கிழமை இரவு. அக்கராயன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் பூமணி எழுதுகிறாள்.

கடவுளைத் தேடிப் போன ஒரு பெண்ணைப் பற்றிய நாவலை அவள் சில நாட்களாக எனக்கு வாசித்து வந்தாள். இன்று மத்தியானம் முடிந்தது. மனம் ஆறவில்லை. செத்துப்போன என் மனைவி சின்னம்மா கும்பிடும்போது அவளுக்குள் என்ன நடந்ததென்று இதைக் கேட்டாவது விளங்கும் என நம்பியிருந்தேன். கதையில் வந்தவளோ கண்ணை மூடினாள், ஒளியைக் கண்டாள், புன்னகைத்தாள். அவ்வளவுதான்.

"இவ சாமியோட ஒருக்காலும் சண்டை பிடிக்கேல்லையே, பிள்ளை?"

"இவ ஞானி, ஐயா. ஞானியள் ஏசுவினமே?"

சின்னம்மா ஏசுவாள். மழை பொய்த்த வருடம் குளக்கட்டில் ஐயனாருக்குப் பொங்கிப் படைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று ஏசினாள். பொங்க வந்த சனம் இரண்டடி பின்னுக்குப் போனது. அவள் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. குரல் மட்டும் இப்போது காதுக்கு வருவதில்லை. அதைப் பூமணியிடம் சொன்னேன்.

அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

"என்ன காணும் ஐயனாரே, பொங்கலைத் திண்டுபோட்டுப் படுத்திட்டீரோ? எழும்பிக் குளத்தை ஒருக்கா எட்டிப் பாரும்!"

அப்படியே தாய்.

"இன்னொருக்கா ஏசு, பிள்ளை" என்றேன்.