தாரணிக்கு மாத்திரை எழுதவில்லை

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு.

இன்று அஸ்தம்பட்டி கிளினிக்கில் இருந்தவர்கள்: நான், மகன் செந்தில், மருமகள் கவிதா, பேத்தி தாரணி, மனநல டாக்டர், பக்கத்து அறையில் உளவியல் மேடம்.

தாரணிக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்கிறார்கள். மேடம் அவளோடு தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாட்டில் மூடி அடுக்கினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்கறதில்லீங்க. டாக்டர்கிட்ட சொல்லிப்போடாதீங்க, மாத்திரை குடுத்துருவாரு" என்றேன்.

"அவர்கிட்டத்தான் சொல்லோணுங்கம்மா. நான் பழக்கிவிடறவ. மருந்து வேணுமா வேண்டாமான்னு பாக்கறது அவரு வேலை" என்று கையோடு கூட்டிப் போனார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ஆட்டிசத்தைப் போக்கற மாத்திரைன்னு ஒண்ணு கிடையாதுங்க. தூக்கத்துக்கு மொதல்ல மேடம் சொல்றபடி பழக்குங்க. சரியாகலைன்னா நான் பாக்கறேன்" என்றார். சீட்டில் மாத்திரை எதுவும் எழுதவில்லை.

வெளியே வந்ததும் கவிதா, "இதுக்குத்தானுங்களா அத்தை எட்டு மாசமா புள்ளைய இங்க கூட்டியார உட மாட்டேன்னீங்க?" என்றாள். நான் குனிந்து தாரணிக்குச் செருப்பை மாட்டிவிட்டேன்.

மேடம் சொன்னபடி எட்டு மணிக்கே டிவியை அணைத்துவிட்டோம். தாரணி இன்னும் விழித்திருக்கிறாள். இருக்கட்டும். எனக்கு இன்று தூக்கம் வரும்.

எட்டு மாதம் முன்பு மோகனூர் காதுகுத்து விருந்தில் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "மாத்திரை போட்டா புள்ள பொம்மையாட்ட ஆயிரும்" என்று சொன்னவள் என் நாத்தனார் பாப்பாத்தி. நம்பியவள் நான்தான். இருந்தாலும் அவளை மன்னிக்க மாட்டேன்.