உப்பில்லாத முருங்கை இலை

சோல், தென்கொரியா
தை 14

அன்பான அம்மாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் நல்ல சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா? அப்பா வாவிக்கு மீன்பிடிக்கப் போகத் தொடங்கிவிட்டாரா?

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு சந்தோசமான சங்கதி. நீங்கள் காயவைத்து அனுப்பிய நம் கல்லடி வளவு முருங்கை இலையை அவித்து, அந்தச் சாற்றைத் தங்கம் கரைத்த மஞ்சள் நீரில் விடுவேன். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் உருவானால் நீர் சிவக்கும். அவை புற்றுநோய்க் கட்டியில் சேர்ந்தால் ஸ்கேன் படத்தில் கட்டி பளிச்சென்று தெரியும்.

எனக்கோ மூன்று கிழமையாக நீலம்தான் வந்தது. இலையையே மாற்றும்படி பேராசிரியை சொல்லிவிட்டார். அப்போதுதான் நீங்கள் போனில் சொன்னீர்கள்: "பூச்சி பிடிக்கும் எண்டு, மீனுக்குப் போடுற மாதிரி உப்புப் போட்டுத்தான் புள்ள காயவெச்சன்."

உப்புப் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகிவிடும் அம்மா. நீங்கள் உப்பில்லாமல் அனுப்பிய இரண்டாவது பொதி செவ்வாய்க்கிழமை வந்தது. பத்தே நிமிடத்தில் குடுவை மாதுளம் சாறு போலச் சிவந்தது. நான் கத்திய கத்தலில் பேராசிரியை ஓடிவந்தார். இனி எலிகளில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமாம். நோயாளிகளிடம் போய்ச்சேர வருசக்கணக்காகும். ஆனாலும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்னும் இரண்டு பொதி அனுப்புங்கள். உள்ளே உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டும் வையுங்கள், என்ன எழுதினாலும் சரி.

முதல் பொதியில் மிஞ்சியதை நான் எறியவில்லை. நேற்று வெளியே பனி கொட்டியது. அந்த இலையில் ஒரு பிடி போட்டு, தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன். உப்புப் போட வேண்டியிருக்கவில்லை அம்மா, உங்கள் கை அளவு அப்படியே இருந்தது.

பஸ் தரிப்பிடத்தில் இருந்துதான் எழுதுகிறேன்; பஸ் வருகிறது.

மகள் டினுஷா