முட்டி போட்ட வீடு

இன்று காலை பெயிண்ட் அடிக்க வந்தவர், "இன்னாக்கா, செவுத்துல இவ்ளோ பென்சில் கோடு? மேலயே அடிச்சுடவா?" என்று கேட்டார். தொடாதீர்கள் என்று கத்தியேவிட்டேன். பாவம், பயந்துபோனார். அவை நீ என்னோடு சண்டை பிடித்துப் போட்ட கோடுகள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நமக்கு அடுத்தடுத்த கட்டில். இருவருக்கும் மார்பில் புற்றுநோய், ஒரே வாரத்தில் ஆபரேஷன். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை இறுகிவிடாமல் இருக்க, சுவரில் கைவைத்து விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றப் பழக்கினார்கள். திருவிடந்தையில் மீன் விற்ற நீ அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாய். நானோ கல்பாக்கத்துக்கு வந்து படுத்துக்கொண்டேன். வலக்கை தோளுக்கு மேல் எழவில்லை. வலிக்குப் பயந்து நானும் எழுப்பவில்லை.

என் கணவர் பாசக்காரர். துணிக்கொடியை இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினார். டப்பாக்களைக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுவந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியைக்கூட இறக்கி மாட்டினார். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. ஒருநாள் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்த நீ, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாய்.

"இன்னாம்மே, வூடே முட்டி போட்டுகினு கீது? நாளைக்கு நீ தவழ்ந்தா, உன் வூட்டுக்காரரு அடுப்பத் தரையில வெப்பாரா?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவரையே ஸ்டூலில் ஏற்றி, எல்லாவற்றையும் பழைய உயரத்துக்கே மாற்றவைத்தாய். என்னைச் சுவரில் விரல் ஏற்றச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டாய். "டெய்லி ஒரு அரிசி அளவு ஏறு, போதும். ஏறலன்னா மீனு கெடையாது."

உன்னைத் திட்டிக்கொண்டே ஏற்றினேன். அழுதுகொண்டும் ஏற்றினேன். கீமோவில் உடம்பு துவண்ட வாரங்களிலும் தெருமுனை வரை நடக்கவைத்தாய். நடந்த நாள்களில் சோர்வு குறைந்தது, சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. நாலாவது மாதம் உயரக் கொடியில் நானே புடவையை வீசிப் போட்டேன். நீ விசிலடித்தாய், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

உனக்கு நோய் திரும்பி வந்தது. நடந்தால் அது ஓடிவிடும் என்று நீ ஒருபோதும் சொன்னதில்லை. "கீற வரிக்கும் நம்ம கால்ல நிக்கணும், அவ்ளோதான்" என்பாய். கடைசி வாரம் கடலுக்குப் போகணும் என்றாய். உன் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். நான் வலக்கையால் உன் முதுகை அணைத்து எழுப்பினேன். நின்று நின்று, அலை வரை போய்ச் சேர்ந்தோம். உன் கால் நனைந்தது.

"கை ஸ்ட்ராங்காயிடுச்சும்மே" என்றாய். என்ன கர்வம் உனக்கு!

உன் பாரம் முழுதும் அந்தக் கையில்தான் இருந்தது. துளியும் நடுங்கவில்லை. அந்தக் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது; இருக்கட்டும்.